கட்டைவிரலைக் காட்டுங்க

"கட்டைவிரலைக் காட்டுங்க" என்கிறார் டேப்பம்மா, அறையின் அந்தக் கோடியிலிருந்து. இந்தக் கோடியில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் வீட்டுக்காரர், காது கேட்காதவர் போல மின்விசிறியைப் பார்க்கிறார். டேப்பம்மா அவசரப்படுவதில்லை, டேப்பைத் தளரவும் விடுவதில்லை. கடைசியில் வீட்டுக்காரர் கட்டைவிரலை விலக்குகிறார். டேப் நுனிக்கும் சுவருக்கும் நடுவே நாலு இஞ்ச் வெறுந்தரை பல்லை இளிக்கிறது. "கை நழுவிடுச்சு மேடம்" என்கிறார். இருபத்துநாலு வருடமாக எல்லோருக்கும் இதே நாலு இஞ்ச்தான் நழுவுகிறது.

நகராட்சியில் சொத்து வரிக்கு வீடு அளப்பது டேப்பம்மாவின் வேலை. முப்பது மீட்டர் டேப், அட்டையில் செருகிய தாள்கள், ஆண்கள் போடும் பெரிய தொப்பி, பையில் ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு. ஒரு பெரிய மனிதர் வீட்டை அளந்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் விட்ட செருப்பைக் காணவில்லை. அன்று வெயிலில் வெறுங்காலோடு நடந்ததிலிருந்து அந்த மாற்று ஜோடி. உதவிக்கு ஆள் தருகிறோம் என்று அலுவலகம் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். டேப்பின் நுனியை வீட்டுக்காரர்தான் பிடிக்க வேண்டும். "நீங்க பிடிச்ச அளவுங்க இது. நாளைக்கு அந்தம்மா கூட்டி எழுதிட்டான்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லக் கூடாது."

சொல்லத்தான் செய்கிறார்கள். டேப்பைக் கண்டதும் ஊரில் எல்லோரும் அரசியல் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மொட்டைமாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொன்ன ஒருவர், நம் வரிப் பணத்தில்தான் தலைவர்கள் காரில் போகிறார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். தொட்டியின் ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. டேப்பம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, ஏணி எங்க இருக்கு?" என்றார்.

அவருக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான். வரி வாங்கும் அலுவலகத்தின் கூரையே ஒழுகுகிறது. மழை வந்தால் கோப்பு அலமாரிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துகிறார்கள். நகராட்சித் தலைவர் அறைக்கு மட்டும் போன வருடம் கறுப்புக் கண்ணாடிக் கதவு வந்தது. டேப்பம்மாவின் வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு எரிந்து ஐந்து மாதமாகிறது. நாலு முறை மனு கொடுத்தார். நாலையும் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திக் கொடுத்தவர் அவருடைய பக்கத்து மேஜைக்காரர். அந்த மேஜைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை அளக்கக்கூடிய திறமைசாலி. அவர் அளந்த வீடுகளெல்லாம் சின்னதாக இருக்கும், வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதி உண்டா என்றால், அவர் போகும் கிறிஸ்தவ சபையில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆயக்காரி. வேதத்தில் வரி வசூலிக்கிறவனை ஆயக்காரன் என்கிறார்கள். பாவிகளோடு சேர்த்தே எப்போதும் அவனைச் சொல்கிறார்கள். மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த குள்ள ஆயக்காரன் கதையைப் போதகர் எடுக்கும் நாளில், முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை தலைகள் திரும்பி டேப்பம்மாவைத் தேடும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவர் பொருமித் தீர்ப்பார். "அந்தாளு ஜனங்ககிட்ட கூட வாங்கினான். நான் யாருக்காவது ஒரு இஞ்ச் கூட எழுதியிருக்கேனா?" இதே சபையார் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாடிப்படிக்கு அடியில இருக்கிற இடத்துக்கும் வரி உண்டா?" என்று காதோரமாகக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா, திங்கட்கிழமை டேப்போடு போய் நின்றால் மேடம்.

வீட்டில் இருப்பவர் இன்னொரு ரகம். டேப்பம்மாவின் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு உண்டான வரியை ஒரு நாள் தவறாமல் கட்டுவார், கட்டிவிட்டு வந்து அன்று முழுவதும் திட்டுவார். காலையில் டேப்பம்மா தலை வாரும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆரம்பிப்பார். மனமுவந்து கொடுப்பது காணிக்கை, மிரட்டிப் பிடுங்குவதற்குப் பெயர் திருட்டு; அதைச் சட்டம் போட்டுச் செய்தாலும் திருட்டுதான். ஏழைக்குக் கொடு என்று கர்த்தர் ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகச் சொன்னார், அலுவலகத்திடம் சொல்லவில்லை. நாணயத்தில் யார் தலை இருக்கிறது என்று கேட்டு, அரசனுடையதை அரசனுக்குக் கொடுக்கச் சொன்ன கர்த்தரின் கதையை டேப்பம்மா எடுத்தால், அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு எத்தனை அரசாங்கம் பிழைக்கும் என்பார்.

டேப்பம்மாவிடம் அதற்கு ஒரே பதில்தான். "மனசோட குடுக்கிறவங்க இந்த ஊர்ல எத்தன பேருன்னு எனக்குத் தெரியும்ங்க. ஒவ்வொருத்தர் கட்டைவிரலையும் பார்த்திருக்கேன்."

அந்தக் கட்டைவிரலால் வீட்டுக்குள்ளும் ஒரு முறை வினை வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு துணி அலமாரி வாங்குவதற்காகப் படுக்கையறைச் சுவரை அளந்தார்கள். நுனியைப் பிடித்தவர் கணவர். பழக்க தோஷத்தில் டேப்பம்மா, "கட்டைவிரலைக் காட்டுங்க" என்றுவிட்டார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னையுமா?" என்றார். டேப்பைத் தரையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனவர்தான், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. மேஜைமேல் கிடந்தால்கூட ஸ்கேலால் தள்ளிவிடுவார். அலமாரி இரண்டு இஞ்ச் பெரிதாக வந்து, கதவு இன்றைக்கும் முழுதாகத் திறப்பதில்லை.

போன மாதம் சபையின் பக்கத்து ஹால் டேப்பம்மாவின் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. வழிபாடு நடக்கும் இடத்துக்கு வரி கிடையாது, வாடகைக்கு விடும் இடத்துக்கு உண்டு. ஹாலை வருடக்கணக்காகப் பிறந்தநாள் விருந்துக்கும் கம்பெனிக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் வருடக்கணக்காக அதை வழிபாட்டு இடம் என்று எழுதியிருந்தார். இப்போது வார்டு கைமாறியிருந்தது. என் சொந்தச் சபை, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று டேப்பம்மா மேலதிகாரியிடம் போய் நின்றார். மேலதிகாரி சிரித்தார். வேண்டுமானால் பழைய ஆளையே அனுப்புகிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். டேப்பம்மா தாளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அவரை உறுத்தியது சபையார் கோபம் அல்ல. ஹால் வாடகையில்தான் பின்னறையில் சனிக்கிழமை தோறும் இலவச வைத்தியம் நடக்கிறது. தொடங்கியவர் அவர் கணவர். டாக்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தவர், பழைய குளிர்பெட்டியைப் பழுது பார்த்து இன்சுலின் வைத்தவர், அங்கே வருகிற நாற்பது பேருக்கும் எந்த மாத்திரை எந்த வேளை என்று அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பவர். சபைச் செயலாளரும் அவரேதான். வரி விழுந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்விடும். டேப்பம்மா அதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரு சனிக்கிழமை.

"அந்த நாப்பது பேர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு. கறுப்புக் கண்ணாடிக் கதவுக்காக உங்க மாத்திரைய எடுத்துக்கிட்டோம்னு சொல்லு" என்றார் கணவர்.

"மருந்து ரூமை நான் தொட மாட்டேன். அதுக்கு வரி இல்ல. வாடகைக்கு விடுற இடத்த மட்டும்தான் அளப்பேன்."

"கர்த்தருக்குன்னு வர்ற காசு அது."

"வாடகைன்னு ரசீது போட்டு வாங்கின காசுங்க அது."

அதன் பிறகு நாலு நாள் அவரவர் சோற்றை அவரவரே போட்டுக்கொண்டார்கள். டேப்பம்மா போதகரிடம் போனார். போதகர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார், "உங்க மனசாட்சிப்படி செய்ங்கம்மா" என்றார். அதே காலையில் சபைப் பொருளாளரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டேப்பம்மாவுக்குப் புரியவில்லை. தெருவில் நடக்கும்போதே வாய்விட்டுச் சலித்துக்கொண்டார்.

அளக்கிற நாளில் காலை பத்து மணிக்குப் போனபோது ஹால் ஆளே மாறியிருந்தது. ஆராதனைக் கூடத்து பெஞ்சுகள் ஆறு வரிசை. ஒரு பிரசங்க மேடை. எதிர்ச்சுவரில் பெரிய மரச்சிலுவை. விருந்துக்காரர்கள் பலூன் கட்டும் ஆணியில் அதை மாட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு ரோஸ் நிற ரிப்பன் எட்டிப் பார்த்தது. கமிட்டியார் ஏழு பேரும் சுவரோரம் நின்றார்கள். போதகருக்கு அன்று வெளியூரில் வேலை வந்துவிட்டதாம்.

பொருளாளர் முன்னால் வந்தார். பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்குப் பிடித்தம் எதுவும் போகாமல் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் மேடையேறிச் சொல்பவர் அவர். "இது ஆராதனை இடம்தான் மேடம். நீங்களே பாருங்க" என்றார்.

டேப்பம்மா சிலுவையைப் பார்த்தார். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு விரிசல் உண்டு. இருபது வருடமாக ஞாயிறு தோறும் போதகரின் நாற்காலிக்கு மேலே பார்த்த விரிசல்.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"எப்பவும் இருக்கிறதுதான்" என்றார் பொருளாளர். பிறகு பார்வையைப் பின்னால் திருப்பினார். "செயலாளரே இருக்காரே, கேளுங்க."

ஏழு பேரில் கடைசியாக நின்ற மருந்துக்கடைக்காரரை எல்லோரும் பார்த்தார்கள். டேப்பம்மா மட்டும் பார்க்கவில்லை. அட்டையில் செருகிய தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம், அவரைக் கேட்காதீர்கள் என்று வாய்வரை வந்தது. அதிகாரியாக வந்தவர் அதை எப்படிச் சொல்வது.

"காலையில எட்டு மணிக்கு மாட்டினோம்" என்றார் கணவர். "நான்தான் ஏணியப் பிடிச்சேன்."

வெளியே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

டேப்பம்மா பையிலிருந்து டேப்பை எடுத்தார். நுனி வளையத்தை இழுத்து நீட்டினார். "யாராவது பிடிங்க" என்றார். பொருளாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார், அது அடித்த மாதிரித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறவர் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. வளையத்தைத் தரையில் போட்டு அதன்மேல் செருப்பை வைத்து அளந்துவிடலாமா என்றுகூட டேப்பம்மா நினைத்தார். இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக.

வளையத்தை யாரோ வாங்கினார்கள்.

"திருட்டுதான். இப்பவும் அதத்தான் சொல்றேன்" என்றார் கணவர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு ஒரு பெஞ்சை ஓரமாக நகர்த்தினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரோரம், சிலுவைக்கு நேர் கீழே குந்தினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. சனிக்கிழமை மருந்து கொடுக்கும்போதுகூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

டேப்பம்மா டேப்பை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தார். ஹால் நீளமானது. மருந்து அறையின் கதவு வந்ததும் நின்று, அதற்கு இப்பால் இருந்த சுவரில் டேப்பை வைத்து இழுத்தார். எண்ணைப் படிப்பதற்கு முன் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. சொல்வதா, விடுவதா என்று தெரியாமல் நிமிர்ந்தார்.

அந்தக் கோடியில் கணவர் இரண்டே விரலால் வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். கட்டைவிரலைத் தனியே எடுத்து, அவர் பார்க்கும்படி விலக்கி வைத்திருந்தார்.