டொனெட்ஸ்குக்குச் சொன்ன யோசனை

நடந்தவை இந்த ஒழுங்கில்:

1. டொனெட்ஸ்க் உக்ரைனிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை.
2. சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து நாடான ரஷ்யா அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.
3. அங்கே தனியாக வாழ்ந்த ஒரு முதிய பெண்ணிடம், ரஷ்யக் கடவுச்சீட்டு எடுக்காவிட்டால் இன்சுலின் கிடையாது என்றார்கள்.
4. பலெர்மோவில் இருக்கும் அவருடைய மகள் என் அம்மாவிடம் யோசனை கேட்டார்.

அந்நகரின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரே வீட்டில்தான் இருவருக்கும் வேலை. அம்மா துப்புரவு செய்வார். நான் அன்ரி என்று கூப்பிடும் அந்த மகள், சினியோரா எனப்படும் வீட்டுக்கார அம்மாவைப் பராமரிப்பார். அம்மாவின் இத்தாலியன் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. ஆகவே என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

அன்ரியின் தம்பி உக்ரைன் இராணுவத்தில் இருந்தான். ரஷ்யக் கடவுச்சீட்டை வாங்கினால் இனி நான் உங்கள் மகனே இல்லை என்று தாய்க்குச் சொல்லியிருந்தான்.

அம்மா யோசிக்கவே இல்லை. "எடுக்கச் சொல்லு. மருந்தெல்லே முக்கியம். பழைய உக்ரைன் பாஸைக் குடுக்காமல் ஒளிச்சு வைக்கட்டும்."

"அது பிழையெல்லே அம்மா?"

"ரெண்டு புருசன் வைச்சிருந்தாத்தான் பிழை, பிள்ளை. ரெண்டு பாஸ் வைச்சிருக்கிறதில என்ன பிழை?"

மொழிபெயர்த்தேன். அன்ரி சத்தமாகச் சிரித்தார்.

போர்க்காலத்தில் வன்னியில் அம்மா அப்படித்தான் நடமாடியவர். போராளி இயக்கத்தின் காவலரணில் இயக்கம் கொடுத்த பயண அனுமதிப் பாஸ், இராணுவத்திடம் இராணுவத்தின் பாஸ். ஒன்று கைப்பையில் இருக்கும்போது மற்றது சட்டைக்குள் இருக்கும். ஆனால் அங்கே ஒருவரைத் தாண்டிய பிறகுதான் மற்றவர் வருவார். இடையில் பாஸை மாற்ற ஒரு வெளி இருந்தது. டொனெட்ஸ்கில் சோதிப்பவர் ஒருவர்தான், அவர் வீட்டுக்குள்ளேயே வருவார். இது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

முதிய பெண் புதிய சீட்டை எடுத்தார். இன்சுலின் கிடைத்தது. பழையதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். குளிர்காலத்தில் ரஷ்யப் படையினர் வீடு வீடாகத் தேடினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். மகன் எந்தப் படையில் இருக்கிறான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரை வாகனத்தில் ஏற்றியதையும், மருந்தை எடுக்க விடாததையும் பக்கத்து வீட்டுப் பெண் அன்ரிக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த நாள் அன்ரி என்னைப் பார்த்து, "நல்லதுக்குத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும், அதை உன் அம்மாவுக்குச் சொல்லு" என்றார். சொன்னேன்.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ஏசச் சொல்லு பிள்ளை. ஏசினா எனக்குக் கொஞ்சம் சுகம்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இப்போதைய நிலை: அன்ரியின் தம்பி அவருடைய அழைப்புகளை எடுப்பதில்லை. அன்ரியும் அம்மாவும் அதே வீட்டில் வேலை செய்கிறார்கள். முதிய பெண் எங்கே என்று தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது.