எல்வுட் கிராலின் கடைசித் திங்கட்கிழமை

எல்வுட் கிரால் எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கூரை போட்டவன். செங்குத்தான சரிவில், ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, தரையில் நிற்பதுபோல் நிற்பான். அறுபதைத் தாண்டியதும் நடுக்குவாதம் வந்தது. சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கப் பழகிக்கொண்டான். தூக்கமில்லாததுதான் அவனை அரித்தது.

இன்ன இன்ன நோய் இருந்தால்தான் கஞ்சாவை மருந்தாக வாங்கலாம் என்று எங்கள் பென்சில்வேனியா மாநிலத்தில் சட்டம். நடுக்குவாதம் அதில் உண்டு. அதை எடுத்தால் தூக்கம் வரும் என்று டாக்டரும் சான்று கொடுத்துவிட்டார். மாநிலத்துக்குப் பணம் கட்டினால் அதை வாங்குவதற்கான கார்டு வந்துவிடும். எல்வுட் கட்டாமல் இழுத்தடித்தான்.

மாநிலம் மருந்து என்று சொல்வதை மத்திய அரசு போதைப்பொருள் என்கிறது. அதை உபயோகிக்கிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை எங்கள் ஊரில் பள்ளிக்கூடமே மூடிவிடும். சிறுவயதிலிருந்து எல்வுட் ஒரு வருஷமும் அதைத் தவறவிட்டதில்லை. கார்டு, துப்பாக்கி இரண்டையும் வைத்துக்கொண்டு கமுக்கமாக இருக்கிறவர்கள் உண்டு. நானே அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒளிச்சு வச்சு வாழ நான் என்ன திருடனாடா?" என்றான்.

அவன் மனைவி டோரிஸ் வற்புறுத்தவில்லை. அவளும் வேட்டைக்குப் போகிறவள்.

அந்த வருஷத்துத் திங்கட்கிழமை அவன் துப்பாக்கிக் குழலை ஒரு கிளையில் சாத்திவைத்துச் சுட்டான். மான் விழவில்லை, ஓடியது. பனியில் கிடந்த ரத்தம் கறுத்திருந்தது. வயிற்றில் பட்டால் அப்படித்தான் இருக்கும்; மான் வலியோடு மெல்லத்தான் சாகும். தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடை வரை போனோம். அதற்கு மேல் தடமில்லை. இருட்டும் வரை தேடிவிட்டுத் திரும்பினோம்.

குறி தப்பியவனுடைய சட்டையின் பின்னோரத்தை வெட்டி, வேட்டைக்குத் தங்கும் குடிசையின் சுவரில் ஆணியடித்து மாட்டிக் கேலி செய்வது எங்கள் வழக்கம். அன்று யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எல்வுட்டே சட்டையை வெளியே இழுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"வெட்டுடா."

"இது குறி தப்பினது இல்லையேடா."

"தப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான். சட்டையை உள்ளே செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

வீட்டுக்குப் போனதும் கார்டுக்கான பணத்தைக் கட்டிவிட்டான். துப்பாக்கிகளை மைத்துனன் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று அவன் அலமாரியைத் திறந்தபோது நான் கூட இருந்தேன். டோரிஸின் துப்பாக்கியும் அதே அலமாரியில்தான் இருந்தது. அவன் அதை யோசித்தே பார்க்கவில்லை. அவளுடையது அதே வீட்டில் இருந்தாலும், அலமாரிச் சாவி அவள் கையில் மட்டும் இருந்தால் போதும் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். போதாது என்றும் சிலர்.

"உன்னோடது இருக்கட்டும். நான் வேணா அந்த மருந்தை..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு எல்வுட்" என்றாள் டோரிஸ். "எங்க அண்ணன் வீடு என்ன, அலாஸ்காவுலயா இருக்கு? வேணும்ங்கிறப்ப போய் எடுத்துக்கறேன்."

அவளுடையதைத்தான் முதலில் காருக்குக் கொண்டுபோனாள்.