கோகிலாவின் பத்து நிமிடம்

அடுத்தவரை மேடையில் பேசப் பழக்குகிற தொழில் இருக்கிறதே, அதில் பேசுகிறவரைவிடப் பழக்கினவருக்குத்தான் கை கால் அதிகம் உதறும். ஹட்டனில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களை ஆய்வு முன்வைப்புக்குத் தயார் செய்கிறேன். நீங்களும் யாரையாவது மேடையேற்றிவிட்டுக் கீழே நகம் கடித்தவரென்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

இந்த வருஷம் என் பொறுப்பில் அக்கரப்பத்தனைத் தோட்டத்துக் கோகிலா. தலைப்பு, ‘தோட்டப் பிள்ளைகள் வகுப்பில் ஏன் கேள்வி கேட்பதில்லை?’ போன தடவை கோட்டைவிட்டவள். இதிலும் தவறினால் டிப்ளோமாவும் இல்லை, ஆசிரியர் நியமனமும் இல்லை.

அவர்களே, அவர்களே

முதல் ஒத்திகை. கொடுப்பதே பத்து நிமிடம். கோகிலா “மதிப்புக்குரிய தலைவர் அவர்களே” என்று தொடங்கி, கோயில் கமிட்டிக் கூட்டம் மாதிரி முன்வரிசை முழுக்க விளித்து, புரொஜெக்டர் போட வந்த அண்ணனையும் விடவில்லை. பாதி நேரம் போயே போச்சு! ஒரே ஒரு வணக்கம் போதும் என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது.

“ஒருத்தர விட்டாலும் கோவிச்சுக்குவாங்களே மிஸ்!”

போட்டோகொப்பிக் கடை

ஸ்லைட் திருத்த பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனோம். அங்கேயே ஒரு ஒத்திகை. மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் சபை. இவளோ கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டே போகிறாள். கடை நடத்துகிற முஸ்லிம் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

“தங்கச்சி, நாங்க இந்தப் பக்கமில்லயா ஈக்கிறோம்!”

கேள்வி நேரம்

முன்வைப்பு அன்றைக்கு ஒரே வணக்கம், சபையைப் பார்த்த முகம், மணியடிக்குமுன் முடிவு. அப்பாடா என்றிருந்தது. தேர்வாளர் ஐயா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “சரி, பிள்ளைகள் கேள்வி கேக்காததுக்கு முக்கியக் காரணம் என்ன?” என்று சத்தமாகக் கேட்டார்.

கோகிலா கையைக் கட்டி, தலை குனிந்து நின்றாள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் துரை சத்தம் போட்டால் எங்கள் தோட்டத்துச் சனம் அப்படித்தான் நிற்கும். “பதில் தெரியாதா?” தலை இன்னும் தாழ்ந்தது. ஐயா பேனாவை எடுத்தார். அடிப்பாவி, வாயைத் திறடி! வழிகாட்டி குறுக்கே பேசக் கூடாது. நகத்தைக் கடித்தேன்.

மெதுவாக நிமிர்ந்தாள். “ஐயா, பெரியவங்க கேட்டா குனிஞ்சு நிக்கிறதுதான் மரியாதைன்னு வளந்துட்டோம். இப்ப நான் நின்னேன் பாருங்க, எங்க பிள்ளைகளும் இப்படித்தான் நிக்குதுங்க. அப்புறம் எங்க கேள்வி கேக்கிறது?”

மண்டபமே கை தட்டியது. ஐயாவும் சிரித்துவிட்டார். “இத ஏன் ஸ்லைட்ல போடல்ல?”

“இப்பதாங்க ஐயா எனக்கே வெளங்கிச்சு!”

கோகிலா பாஸ். கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிற நான்தான், அந்தக் குனிந்த தலையை எந்தப் பாடத்தில் சேர்ப்பதென்று தெரியாமல் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.