தலையணை போட்டு ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்துச் சாயங்காலம். கூடுவாஞ்சேரியில் ஒரு பிள்ளையார் கோவில் வாசல். அங்கிருந்து கல்யாண மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் என் இருபத்திரண்டு வருடத்து டிரைவிங் மாஸ்டர் மானம் கப்பலேறிவிட்டது.

கிழக்குத் தாம்பரத்தில் சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் மனைவிக்கு இரண்டு தம்பிகள். வண்டலூர்ப் பக்கம் அவர்கள் வீட்டு நிலமெல்லாம் மனைகளான பிறகு, பெரிய மச்சானுக்குக் கார் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தான். தம்பியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் என்று அடம் பிடித்துவிட்டான்.

"மாமா, நான் மண்டபத்துல வர்றவங்கள பாத்துகினு இருக்கணும். ஊருக்கே வண்டி ஓட்ட கத்துக்குடுத்தவரு நீங்க. நீங்கதான் ஓட்டணும்" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்றுகூடத் தோன்றவில்லை. எந்த வண்டியானாலும் நாலு சக்கரம்தானே என்ற திமிர்.

கதவைத் திறந்தால் சீட் எங்கேயோ பாதாளத்தில் இருந்தது. முதலில் தலையை நுழைத்தேன், இடித்தது. காலை நுழைத்தேன், முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. கடைசியில் முதுகைக் காட்டித் தொப்பென்று விழுந்தேன். மச்சான் ஆறடி ஆள், அவனுக்கு ஏற்ற மாதிரி சீட் பின்னால் போய்ச் சாய்ந்து கிடந்தது. நானோ ஐந்தடி இரண்டு அங்குலம். விழுந்த இடத்திலிருந்து கோவில் கோபுரம் நன்றாகத் தெரிந்தது. ரோடு மட்டும் தெரியவில்லை.

சீட்டை நகர்த்தும் கம்பியைக் கீழே தேடினேன், இல்லை. பக்கவாட்டில் பட்டன்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினேன், முதுகு இன்னும் பின்னால் போனது. பதறிப்போய் இன்னொன்றை அழுத்தினால் தொடை மட்டும் மேலே எழும்பியது. கண்ணாடிக்கு வெளியே ஆளுக்கொரு யோசனை. "மாமா, இது படுத்துகினு ஓட்ற வண்டி" என்றான் மச்சானின் சிநேகிதன் ஒருவன். போட்டோகிராபரோ, "சார், கொஞ்சம் நிமிருங்க, உங்க மூஞ்சியே விழல" என்றார். எதைக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து சீட்டில் மாலையும் பட்டு வேட்டியுமாக மாப்பிள்ளை. அவன் வெளியே தெரியவில்லை என்று அவனுடைய அத்தை மண்டபத்து அறையிலிருந்து ஒரு தலையணையை வரவழைத்து அவனுக்குக் கீழே சொருகினார். எனக்கும் பொறி தட்டியது. "எனக்கும் ரெண்டு கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். என் ஸ்கூலில் உயரம் குறைந்தவர் யார் வந்தாலும் நான் செய்வதும் அதைத்தானே! இரண்டு தலையணைகளைப் போட்டு, சீட்டின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரைவர் சாய்ந்து உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது நான் தினமும் ஓதும் பாடம். இப்போது ரோடு தெரிந்தது. தலை கூரையில் முட்டியது, கால் கட்டைவிரல்தான் பிரேக்கில் பட்டது. இருந்தாலும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

புறப்படும் முன் மாப்பிள்ளையின் அக்காதான் ஆரத்தி எடுக்க வேண்டும். அதாவது என் மனைவி. தட்டோடு காருக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். என்ஜினைப் போட்டு, கியரையும் மாற்றி, பிரேக்கை மிதித்தபடி தயாராக இருந்தேன். அது கிளட்ச் இல்லாத வண்டி. பிரேக்கை விட்டாலே தானாக நகரும். அந்த நேரம் பார்த்து யாரோ சரவெடியைக் கொளுத்த, நான் திடுக்கிட்டு பிரேக்கை ஓங்கி அமுக்கினேன்.

கார் நிற்கவில்லை. முன்னால் போனது.

"ஐயோ!" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் வெள்ளை பானெட் முழுக்கச் சிவப்பு. மனைவியைக் காணோம். எப்படியோ எக்கி, மறுபடி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டேன். ஆனால் கை ஸ்டியரிங்கை விடவில்லை. அவ்வளவு சிவப்பும் ஆரத்தித் தண்ணீர்தான் என்பது மண்டையில் ஏற எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. பம்பர் முட்டி உட்கார்ந்தவாக்கில் விழுந்த மனைவியை இரண்டு பெண்கள் தூக்கி நிறுத்தினார்கள். முழங்காலில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். கும்பிட வேண்டிய சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

"இன்னாய்யா, கண்ணு தெரில? அக்சிலேட்டர மிதிச்சிட்டு முழிக்கிறியே!" என்று ஒரு பெரியவர் பாய்ந்தார். நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். சத்தியமாக பிரேக்கைத்தான் மிதித்தேன். மிதித்த வண்டி எப்படி முன்னால் போகும்? இறங்கி நின்று, இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே நான் சொல்வது பொய் மாதிரிப் பட்டது.

அப்போது பெண் வீட்டுக் கூட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், என்னைவிடக் குள்ளம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என்று யாரோ சொன்னார்கள். தலையணைகளைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார் பிரேக்கதான் மிதிச்சாரு" என்றார் அந்தப் பெரியவரிடம். பிறகு என்னிடம், "முதுகுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல சார். ஓங்கி மிதிச்சதும் தலகாணியோட நீங்க பின்னால வழுக்கிட்டீங்க. கால் பிரேக்க விட்டுடுச்சு. மொதல்ல அதுங்கள எடுத்துப் போடுங்க" என்றார்.

என்ஜினை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார். பிருஷ்டம் சீட்டின் பின்பக்கம்வரை போய் ஒட்ட வேண்டும். பிரேக்கை முழுதாக அமுக்கியும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்வரை சீட்டை முன்னால் கொண்டுவர வேண்டும். பிறகுதான் முதுகுச் சாய்வை நிமிர்த்துவது. கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல் படும்வரை. கடைசியில் சீட்டையே மேலே ஏற்ற வேண்டும். "இந்த வண்டிய நானும் இன்னிக்குதான் சார் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடித்தார். இரண்டு நிமிடத்தில் அந்தப் பாதாளம் எனக்குத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது. ரோடும் தெரிந்தது, காலும் எட்டியது.

மண்டபம்வரை ஒரு குலுங்கல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். எனக்குள்தான் ஒரே குழப்பம். இவ்வளவு சுலபமான சங்கதி எனக்கு எப்படித் தெரியாமல் போனது? சாப்பாட்டுப் பந்தியில் அவரைத் தேடிப் பிடித்து, "எந்த ஸ்கூல்லம்மா இவ்ளோ நல்லா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "உங்ககிட்டதான் சார் வந்தேன். பத்து வருஷம் இருக்கும். ரெண்டு குஷன் போட்டீங்க. கால் எட்டலனு சொன்னேன். பயத்துலதான் அப்படி இருக்கு, உங்களுக்கு வராதுனு சொன்னீங்க. அப்புறம் எங்க அண்ணன் வேன்ல நானா உக்காந்து உக்காந்து பாத்துகினேன்."

அந்த முகம் எனக்கு ஞாபகமே இல்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் என் ஸ்கூல் காரின் சீட்டை நகர்த்திப் பார்த்தேன். அசையவில்லை. அத்தனை வருடமாக யாரும் தொடாமல் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. என் உயரத்துக்கு நான் என்றோ வைத்த இடத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்து, ஓட்டச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி நகர்த்தினேன். பிறகு பழைய நோட்டை எடுத்து, பாதியில் நின்றுபோனவர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தேன். நாலு பேர் திரும்ப வந்தார்கள். ஓர் அம்மா மட்டும், "வேணாம் சார், எனக்குத்தான் வராதுனு நீங்களே சொல்லிட்டீங்களே, இப்ப பஸ்ஸே பழகிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

யாராவது கற்றுக்கொள்ளத் திணறினால், நான் இப்போது அவரைக் குறை சொல்வதற்கு முன் அவரை எங்கே உட்காரவைத்திருக்கிறேன் என்று பார்க்கிறேன். பஸ்ஸே பழகிடுச்சு என்று சிரித்த அந்த அம்மாவின் பெயரை மட்டும் நோட்டிலிருந்து நான் இன்னும் அடிக்கவில்லை.