நான் முன்பே ஏறியிருந்த சுண்ணாம்பு மலை

போகாத மலை ஒன்றில் நான் இரண்டு வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லாம் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில், உட்கார்ந்தபடி. ஆந்திரப் பக்கம் உள்ள சுண்ணாம்புக்கல் காப்புக்காடு அது. வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் படித்திருந்தேன். மீதியை நானே கட்டினேன். செங்குத்தான இரும்பு ஏணி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பிளவு, குகைக்குள் விழும் அருவி. அருவி முழுக்க என் கைவண்ணம்.

கேட்டவர்களில் நம்பியவர் ஒருவர்தான். சேலையூரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தினமும் எனக்கு முன்னால் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி வந்து நின்றதும் ஏறி, ஜன்னலோர சீட்டில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவைப்பார். யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பார். என்னை எதிர்பார்த்து இவ்வளவு ஒழுங்காக யாரும் எதையும் செய்ததில்லை, என் வீட்டையும் சேர்த்து.

ஒரு நாள் சொன்னார்: "அந்த அருவியை ஒரு தடவை பார்த்துடணும் சார். உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொங்கல் லீவில் கிளம்பினோம்.

காட்டு வாசலில் இருந்த வாட்சர், துணைக்கு வருகிறேன் என்றார். "வேணாம்பா, சார் ஏற்கெனவே வந்தவரு" என்று நண்பர் பெருமையாகத் தடுத்துவிட்டார். நானும் அடக்கமாகத் தலையாட்டினேன்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், யோசித்தால் மானம் போய்விடும் என்று சட்டென்று இடப்பக்கம் திரும்பினேன். அரை மணியில் பாதையே தீர்ந்துபோனது. மழை அரித்த பாறைகள் கத்திகளை நட்டுவைத்ததுபோல் நின்றன. நடுவே சருகு மூடிய பொந்துகள். ஒன்றில் அவர் கால் முழங்கால்வரை இறங்கியது. கணுக்காலில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பல்லைக் கடித்தபடி, "அருவி இன்னும் எவ்ளோ தூரம் சார்?" என்றார்.

"பக்கத்துலதான்" என்றேன்.

அந்தக் கால் என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்ததாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் நினைத்தது, மாட்டிக்கொள்ளப் போகிறோமே என்றுதான்.

என் கூச்சல் கேட்டு வாட்சர் வந்தார். அவர் தோளைப் பிடித்து எழுந்ததும் நண்பர் கேட்ட முதல் கேள்வி அருவிக்கு வழி எது என்பது.

"அருவியா? இங்க சொட்டுத் தண்ணி லேது சார். இந்த வழி போட்டே ஆறு மாசம்தான் ஆவுது."

நண்பர் என் பக்கம் திரும்பவில்லை. ஊர் வந்து சேரும்வரை நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "வேணாம்" என்ற ஒரே பதில்தான்.

மாவுக்கட்டு பிரித்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எங்கள் சீட்டில் வேறு யாரோ. கைக்குட்டை இல்லை. அவர் நாலு பெட்டி தள்ளி ஏறியிருந்தார். அன்றிலிருந்து மூன்று வருடம் பீச்வரை நின்றுகொண்டே போனேன்.

கடைசியில், அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் ஏறும் ஒருவரைத் தூது அனுப்பினேன், இன்னுமா என்மேல் கோபம் என்று கேட்டுவர. மறுநாள் வந்து சொன்னார்:

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சாம் சார். அந்தப் பெட்டியில யாரும் பேசறதில்லையாம். பீச் வர்ற வரைக்கும் நல்லாத் தூங்கறாராம்."