கசார்வாடித் துரோகி

என் கணவர் ஸ்வாமிநாதன் அறுபத்திரண்டு உளவு நாவல்கள் எழுதியிருக்கிறார். மதுரை பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்குகிற மாத நாவல்களில் அவருடையதுதான் முதலில் விற்றுத் தீரும். கதாநாயகனை பெய்ரூட்டுக்கும் பெர்லினுக்கும் அனுப்புகிறவர், முப்பது வருடம் புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய்வந்ததைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

அதனால் கதைக்கு ஆட்களை அக்கம்பக்கத்திலேயே பிடிப்பார். எங்கள் சொசைட்டி செக்ரெட்டரி கர்னல் ஆவார். பல் டாக்டர் ப்ரீதி விஷம் வைப்பாள்.

"யாராவது படிச்சுட்டா?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"புனேல எவன் தமிழ் படிக்கறான், கோதை?"

நானும் வாயை மூடிக்கொண்டு டைப் அடித்துக் கொடுத்தேன்.

முகமது ரஃபீக் பக்கத்துக் கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆம்பூர்க்காரர், படித்தது உருது மீடியம். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. கதைக்கு இயந்திர விவரம் வேண்டுமென்றால் என் கணவர் அங்கேதான் போய் உட்காருவார். ரஃபீக் வேலையை நிறுத்தி, சாய் வரவழைத்து, பொறுமையாகச் சொல்லித்தருவார். போன வருடம் அந்தப் பட்டறை, அவர் இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பது, சாயை சாஸரில் ஊற்றிக் குடிப்பது எல்லாமே நாவலில் வந்தன. பெயர் மட்டும் ரஷீத். ஏவுகணை வரைபடத்தை விற்றுவிட்டுக் கடைசியில் சுடப்பட்டுச் சாவான்.

பிறகு பதிப்பகத்தார் நாவல்களை ஆடியோவாக்கி ஆப்பில் போட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களும் கேட்பார்களே என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. ரஃபீக்கின் மகள் நஸ்ரின் அதை அவர் போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் கூப்பிட்டனுப்பியதும் இருவரும் போனோம். நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிடட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவரோ ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நல்லா கீது சார். லேத் விஷயத்துல ஒரு தப்பு இல்ல. ஒண்ணுதான் புரியல."

"சொல்லுங்க பாய்."

"அந்த ரஷீது ஏன் சார் நாட்ட வித்தான்? யாராச்சும் மிரட்டினாங்களா? காரணமே வரல."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்ற துரோகிகளுக்கெல்லாம் இரண்டு அத்தியாயம் முன்கதை எழுதியவர், இவனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பெயரைப் பார்த்ததுமே வாசகர்கள் நம்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் விடாமல் டைப் அடித்தவள் நான். அதில் ஏதோ குறைகிறதென்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.