கமலவேணியின் இல்லாத நோவு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் தீர்த்தகிரிக்குக் கமலவேணி வாழ்க்கைப்பட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. திருச்செங்கோட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், அவளுக்கு வெள்ளைப்படுவதை அறிந்த மாமியார், எலும்பு உருகிப் போகிறது என்று சொல்லிவிட்டார். நாற்றமில்லை, அரிப்பில்லை. மாத நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வரும். மற்ற நாட்களில் கொஞ்சம் கெட்டியாக. அவ்வளவுதான்.

ஆனாலும் அவள் பயந்தாள். தினமும் புண் கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே கழுவினாள். எரிந்தது. நோவு முற்றுகிறது என்று இன்னும் கழுவினாள்.

தீர்த்தகிரி சத்தீஸ்கரில் போர் போட்டுவிட்டு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவார். சேர்ந்தால் உடம்பு கரைந்துவிடும் என்று அவள் விலகிப் படுத்தாள். காரணம் சொல்லக் கூச்சம். அவரும் கேட்கவில்லை, பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார். பிள்ளை இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் தீட்டு நின்றது. மூன்று வருடம் கழித்து இரத்தம் கலந்த நீர் நாற்றத்தோடு வரத் தொடங்கியது. பழைய நோவுதானே என்று எட்டு மாதம் துணி மாற்றிக்கொண்டே கோழிப்பண்ணை வேலைக்குப் போனாள். ஒருநாள் முட்டை பொறுக்கும்போது மயங்கி விழுந்தவளை, உடன் வேலை செய்யும் ரஞ்சனிதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கருப்பைவாயில் புற்று, பரவியிருந்தது. டாக்டரம்மா அவளுடைய பழைய கதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, அப்ப அத்தன வருசமும் எனக்கு நோவே இல்லீங்களா?"

"இல்லைங்கம்மா. அது எல்லாப் பெண்களுக்கும் வர்றதுதான். உள்ள கழுவவே கூடாது, அதுலதான் எரிஞ்சிருக்கு. தீட்டு நின்னப்புறம் இரத்தம் பட்டுச்சே, அதுக்குத்தான் உடனே வந்திருக்கணும்."

கமலவேணி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து கணவருக்குப் போன் செய்து, முப்பத்திரண்டு வருடத்துக் கதையையும் சொன்னாள்.

"உனக்கு என்னையப் புடிக்கலைன்னுல்ல கமலா நான் நெனச்சுக்கிட்டேன்," என்றார்.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகச் சேலத்துக்கு ஐந்து வாரம் பஸ்ஸில் கூட்டிப்போனார். சோறு குழைத்து ஊட்டினார். ஓர் ஆண்டு அப்படி ஓடியது.

புரட்டாசியில் அவள் இறந்தாள். காரியத்துக்கு வந்த பண்ணைப் பெண்களிடம் ரஞ்சனி எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர்களில் நான்கு பேர் அடுத்த வாரமே லீவு போட்டுக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போனார்கள். தீர்த்தகிரி அதன் பிறகு வண்டிக்குப் போகவில்லை.